செம்புக் கம்பி போதாதா?

கேள்வி: என் கடை டன்லப் ஸ்திரீட்டில், வீடு பஃப்ளோ ரோட்டு வீவக அடுக்குமாடியில். மெல்பர்னில் இருக்கும் என் தம்பி அண்மையில் வந்திருந்தபோது ஒரே வாக்குவாதம். ஆஸ்திரேலியாவில் பழைய செம்புக் கம்பியை வைத்தே சமாளித்தார்களாம், சிங்கப்பூர் வீடு வீடாக ஃபைபர் இழுத்தது வீண்செலவாம். அவன் சொல்வது சரியா? வீட்டு இணைப்புக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை ஏன்? கரண்ட் போனால்கூட அம்மாவின் பழைய தொலைபேசி வேலை செய்யும், இப்போது இருப்பது செய்வதில்லை. இதற்கு நடுவில் 10 கிகாபிட் எடுக்கச் சொல்லி ஒரு விற்பனையாளர் விடாமல் அழைக்கிறார். எடுக்கலாமா?
— வாசகி, லிட்டில் இந்தியா

பதில்: உங்கள் தம்பி பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். 2009 ஏப்ரலில் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட், 43 பில்லியன் டாலர் வரை செலவிட்டுப் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு ஃபைபர் தருவதாக அறிவித்தார். 2013இல் ஆட்சி மாறி எதிர்க்கட்சிக் கூட்டணி வந்தது. தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்பு என்று திட்டம் சுருங்கியது. சீக்கிரம் முடியும், செலவும் குறையும் என்றார்கள். ஆனால் பழைய கம்பி பல இடங்களில் தாங்கவில்லை. 2015இல் 1,800 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிதாகச் செம்புக் கம்பி வாங்க வேண்டியிருந்தது. கடைசியில், செம்பில் விடப்பட்ட ஏராளமான வீடுகளுக்கு ஃபைபர் இழுக்க 2020 செப்டம்பரில் அதே கூட்டணி அரசாங்கமே திட்டம் அறிவித்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு முறை செலவு! ஆஸ்திரேலியா ஒரு கண்டம், நாமோ அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்கிறோம், ஒரு புளோக்குக்குள் ஃபைபர் நுழைந்தால் நூறு வீடுகளைத் தொட்டுவிடலாம். அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

செம்பின் சிக்கல் தூரம். கம்பி நீள நீள மின்சமிக்ஞை தேய்ந்துவிடும். முன்பு நாம் வைத்திருந்த செம்புவழி இணைய இணைப்பான ஏடிஎஸ்எல்லின் மேம்பட்ட வகைகூட, தொலைபேசி நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தால்தான் 24 மெகாபிட்டை எட்டும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் சில மெகாபிட்தான். ஃபைபரில் ஒளி, வழியில் மின்சாரமே இல்லாமல் 20 கிலோமீட்டர் போகும். வேகத்தைக் கூட்ட இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும், தரையைத் தோண்ட வேண்டியதில்லை. 2010 வாக்கில் போட்ட இழையில் இன்று 10 கிகாபிட் விற்க முடிவது அதனால்தான்.

இருந்தாலும் சிங்கப்பூர் செய்த பெரிய காரியமாக நான் நினைப்பது வேறு. 2006இல் அறிவித்த ‘அறிவார்ந்த நாடு 2015’ திட்டத்தின் கீழ் அரசாங்கம் 1 பில்லியன் வெள்ளி வரை தர முன்வந்தபோது ஒரு நிபந்தனையும் வைத்தது. இழை போடுபவர் ஒருவர், அதில் கருவி வைத்து இயக்குபவர் இன்னொருவர், வீட்டுக்கு விற்பவர் மூன்றாமவர். தேக்கா சந்தையில் கட்டடம் மீன்கடைக்காரருடையது அல்ல, அதனால்தான் பக்கத்திலேயே இன்னொரு மீன்கடை வைக்க முடிகிறது. அதே கணக்குதான். 2008இல் இழை போடத் தேர்வான ஓப்பன்நெட் எல்லோருக்கும் ஒரே வாடகைக்கு இழையைத் தர வேண்டியிருந்தது, அப்போது வீட்டுக்கு மாதம் 15 வெள்ளி. பலன் கண்ணெதிரே தெரிந்தது. நாடு முழுக்கச் சொந்தக் கம்பி போடாத மைரிபப்ளிக், 2014 ஜனவரியில் 1 கிகாபிட்டை 49.99 வெள்ளிக்குக் கொண்டுவந்தது. செம்பு சிங்டெல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில் இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

சண்டையும் இல்லாமல் இல்லை. ஓப்பன்நெட்டில் 30 விழுக்காடு சிங்டெல்லுடையது, இழை ஓடிய நிலத்தடிக் குழாய்களும் சிங்டெல் வழி வந்தவை. இணைப்புக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் புகார் சொன்னார்கள், தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையம் ஓப்பன்நெட்டுக்கு அபராதம் விதித்தது. 2013இல் ஓப்பன்நெட்டையே நெட்லிங்க் டிரஸ்ட் வாங்க முன்வந்தது. அந்த டிரஸ்ட் முழுக்கச் சிங்டெல்லுக்குச் சொந்தமாக இருந்ததால் ஸ்டார்ஹப், எம்1 போன்ற போட்டி நிறுவனங்கள் எதிர்த்தன. ஆணையம் அனுமதித்தது. ஆனால், சிங்டெல் தன் பங்கை 25 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர முதலில் வைத்திருந்த 2014 ஏப்ரல் கெடுவை 2018 ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தது. நான்கு ஆண்டு நீட்டிப்பு அநியாயம் என்பது என் கருத்து. 2017 ஜூலையில் நெட்லிங்க் பங்குச்சந்தைக்கு வந்த பிறகுதான் பிரிவினை உண்மையிலேயே முழுமையடைந்தது.

இனி உங்கள் கடை. மொத்த விலையிலேயே வித்தியாசம் இருக்கிறது. தொடக்கத்தில் வீட்டுக்கு 15 வெள்ளி, வர்த்தக இடத்துக்கு 50. வீட்டு வாடகை 2018இல் 13.80 ஆகக் குறைந்தும் கடைகளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கடைவீட்டுக்குத் தனியாக இழை இழுக்க வேண்டும், கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்று காரணங்கள் உண்டு. ஆனால் ஓர் அட்டைக் கருவி, பேநவ், இரண்டு கண்காணிப்புக் கேமரா, இவ்வளவுதான் பயன்பாடு என்கிற மளிகைக் கடையையும் ராபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்தையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. சிறு கடைகளுக்குத் தனிக் கட்டணம் வேண்டும். வணிகர் சங்கங்கள் இதை ஆணையத்திடம் உரக்கக் கேட்க வேண்டும்.

அம்மாவின் குறை நியாயமானது. செம்புக் கம்பியிலேயே தொலைபேசி நிலையத்தின் பேட்டரி மின்சாரமும் வந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் வீட்டுக் கரண்ட் வேண்டும். முதியவர்களுக்கு இதை யாரும் உட்கார்ந்து விளக்காதது பெரிய குறை. அந்த இரண்டுக்கும் பொருந்தும் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். அவசர எண்களை ஒரு கைபேசியில் பதிந்து, அதற்கு எப்போதும் சார்ஜ் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

10 கிகாபிட்டுக்கு இப்போது அவசரம் இல்லை. 2028க்குள் ஐந்து லட்சம் வீடுகள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2024இல் அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கியது. அது நாட்டுக்கு நல்லது. ஆனால் உங்கள் மடிக்கணினியின் கேபிள் துளை பெரும்பாலும் 1 கிகாபிட்டுக்கு மேல் ஏற்காது. முதலில் மடிக்கணினியைக் கேபிளால் ரவுட்டரில் செருகி வேகத்தை அளந்து பாருங்கள், பிறகு படுக்கையறையில் வைஃபையில் அளந்து பாருங்கள். கேபிளில் நன்றாக வந்து அறையில் குறைந்தால் கோளாறு வைஃபையில், ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்தாலே பாதி தீரும். கேபிளிலும் குறைந்தால் சுவர்ப் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய இழையைப் பாருங்கள். மேசைக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருந்தால் வளைவில் ஒளி கசியும். ஒளியை மாற்றும் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, நிறுவனத்தை உடனே கூப்பிடுங்கள். இவற்றைப் பார்க்காமல் அந்த விற்பனையாளரிடம் சரி சொல்லாதீர்கள், இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குக் கட்டிப்போடும்.