மாறியது குழந்தையா, நம் பார்வையா?

கவனக்குறைவு – மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு எனப்படும் ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்கு மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே, "பிள்ளை முற்றிலும் மாறிவிட்டான்" என மகிழும் பெற்றோர் உண்டு. "ஒரு மாற்றமும் இல்லை" என்று மருந்தை நிறுத்திவிடுவோரும் உண்டு. இவ்விரு முடிவுகளுமே பிழையாகக்கூடும். முன்னதால் பயனற்ற மருந்து பசிக்குறைவு, தூக்கக்குறைவு முதலிய பக்கவிளைவுகளுடன் தொடரலாம். பின்னதால் பயனுள்ள மருந்து கைவிடப்படலாம்.

இதனை விளக்க உதவுவது மருந்துப்போலி. பார்வைக்கு மருந்து போன்றிருக்கும் இதனுள் மருந்துப்பொருள் எதுவும் இராது. மருந்தாய்வுகளில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றொரு பிரிவினருக்குப் போலியும் அளிப்பர். யாருக்கு எது என்பது ஆய்வு முடியும்வரை பெற்றோருக்கோ மருத்துவருக்கோ தெரியாது. போலி பெற்றவர்களிலும் சிலர் முன்னேறியதாகப் பதிவாகும். அதனினும் தெளிவாக மிகுந்த பயன் தரும் மருந்தே ஏற்கப்படும். மெத்தில்ஃபெனிடேட் இவ்வாறு தேறிய மருந்தாகும்.

போலியால் முன்னேற்றம் தோன்றுவது எங்ஙனம்? தொல்லை உச்சத்தில் இருக்கும்போதே பெற்றோர் மருத்துவரை நாடுகின்றனர். உச்சம் தானே சற்றுத் தணிவது இயல்பு. மேலும், இக்குறைபாட்டை அளக்க இரத்தப் பரிசோதனை இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் வினாப்பட்டியலே அளவுகோல். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து வாஷ்புஷ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட கட்டுரை, போலியால் குழந்தையின் நடத்தை மாறியதற்குச் சான்று குறைவு என்றும், குழந்தையை மதிப்பிடும் பெரியவர்களின் பார்வையே மாறியிருக்கலாம் என்றும் கூறிற்று.

நம் மலைச்சரிவுக் குடும்பங்களுக்கு இதில் தனிப் பாடம் உண்டு. குறுகிய நேரம் செயல்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும். விடியலில் போடிமெட்டு வழியே ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று அந்தியில் திரும்பும் பெற்றோர், மருந்து செயல்படும் வேளையில் குழந்தையைக் காண்பதே இல்லை. அவ்வேளையில் காண்பவர் ஆசிரியர். எனவே மாலையில் மட்டும் கண்டு மருந்தை எடைபோடுதல் ஆகாது.

ஆதலால் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• மருந்து தொடங்குமுன் ஒரு வாரம், பிள்ளை எழுந்து ஓடாமல் எத்தனை நிமிடம் படிக்கிறான் என்பதை நாள்தோறும் எழுதி வையுங்கள். தொடங்கிய பின்னும் அதையே எழுதுங்கள்.

• எழுதுபவர் பாட்டியாயினும் தாயாயினும் ஒருவரே எழுதட்டும். எந்த நேரத்தில் கண்டது என்பதையும் குறியுங்கள்.

• வகுப்பாசிரியரிடம் வினாப்பட்டியலை நிரப்பி வாங்கி வாருங்கள்.

• அட்டாமாக்செட்டின் முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகும், பொறுத்திருங்கள்.

• மருத்துவரைக் கேளாமல் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டா.

நம்பிக்கையோடு பிள்ளையைப் பார்ப்பது குற்றமன்று. திட்டு குறைந்து பொறுமை கூடினால் அது பிள்ளைக்கு நன்மையே. ஆயினும் மருந்தைத் தொடர்வதா என்பதை முடிவு செய்ய, மருத்துவருக்குத் தேவைப்படுவது நீங்கள் எழுதிவரும் அந்தக் குறிப்பேடே. அடுத்த முறை வருகையில் அதனை மறவாமல் கொண்டுவாருங்கள்.