திரையை மாற்ற ஒரு வரி

கூடுவாஞ்சேரியைச் சுற்றி ஜிஎஸ்டி சாலையோரக் கல்லூரிகளில் அரங்கங்களுக்குப் பஞ்சமில்லை. லேப்டாப், கேமரா எனப் பலவற்றின் படத்தையும் வாங்கி, எந்தத் திரைக்கு எது போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் பெட்டிதான் மேட்ரிக்ஸ் ஸ்விட்ச்சர். அதைப் பற்றி உலவும் நம்பிக்கைகள் சிலவற்றைத் திருத்தியே ஆக வேண்டும்.

நம்பிக்கை: பெட்டியைக் கட்டுப்படுத்தும் டச் பேனல் செத்தால், கம்பெனி ஆள் வரும்வரை நிகழ்ச்சியே நின்றுவிடும்.

நிற்க வேண்டியதில்லை. பெட்டியில் நெட்வொர்க் போர்ட் இருந்து, அதன் ஐபி முகவரியும் தெரிந்தால், ஒரு லேப்டாப்பில், கட்டளைகளை எழுத்தாக அனுப்பும் டெல்நெட்டைத் திறந்து பேசலாம். இன்டர்நெட்கூடத் தேவையில்லை, கட்டடத்துக்குள் ஓடும் கேபிள் போதும். விண்டோஸில் டெல்நெட் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். முதல் நாளே அதை இயக்கி வைப்பது நல்லது. எக்ஸ்ட்ரான் மேட்ரிக்ஸில் மூன்றாவது இன்புட்டை முதல் அவுட்புட்டுக்கு அனுப்ப 3*1! என்று அடித்தால் முடிந்தது. புரோகிராமர் வேண்டாம்.

நம்பிக்கை: ஒரு பெட்டிக்குப் படித்தது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அரங்கத்தில் மானம் போவது இங்கேதான். பிளாக்மேஜிக் வீடியோஹப் 9990-ஆம் போர்ட்டில் கேட்கிறது. அதில் அவுட்புட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எண்ணிக்கையும் பூஜ்யத்தில் தொடங்கும். எக்ஸ்ட்ரானில் 3*1! செய்த அதே வேலைக்கு, இங்கே ரூட்டிங் தலைப்பின் கீழ் 0 2 என்று எழுதி ஒரு வெற்று வரி விட வேண்டும். அந்த வெற்று வரி இல்லாவிட்டால் பெட்டி காத்துக்கொண்டே இருக்கும். ஆபரேட்டருக்குச் சம்பளம் தரும் நிர்வாகம், அந்த மாடலின் கட்டளைகளை அச்சடித்து ரேக் கதவில் ஒட்டித் தரவும் கடமைப்பட்டது.

நம்பிக்கை: பெட்டியிடமிருந்து பதில் வந்துவிட்டது, படமும் வந்திருக்கும்.

பெட்டி சொல்வது இணைப்பை மாற்றிவிட்டேன் என்பதை மட்டும்தான். லேப்டாப் தூங்கியிருந்தாலும், பதிப்புரிமைப் பூட்டுள்ள படம் ஓடினாலும் திரை கறுப்பாகவே இருக்கலாம். கண்ணால் பார்க்க ஒருவர் வேண்டும்.

நம்பிக்கை: நம் வளாகத்துக்குள்தானே, பாஸ்வேர்டு எதற்கு?

என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். டெல்நெட்டில் பாஸ்வேர்டு உட்பட எல்லாமே திறந்த எழுத்தாகப் போகிறது. இப்படிப் பாஸ்வேர்டுகள் திருட்டுப் போனதைப் பார்த்துத்தான், ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டாட்டு யூலோனென் 1995-இல், எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் எழுதினார். பெட்டியில் அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வீடியோஹப்பின் 9990 போர்ட்டோ பாஸ்வேர்டே கேட்பதில்லை; வந்தவர் எவரும் திரையை மாற்றலாம். ஆகவே இந்தப் பெட்டிகளுக்குத் தனி விலான், அதாவது பிரித்து வைத்த நெட்வொர்க், ஒதுக்க வேண்டும். மாணவர்களின் வைஃபையிலிருந்து அங்கே வழி இருக்கக் கூடாது.

வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று ரூட்டரில் வெளி உலகுக்குப் போர்ட் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களுக்குள்ளும் டிவிஆர்களுக்குள்ளும் டெல்நெட் வழியாகவே புகுந்தது. அந்த அக்டோபரில், தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களையே முடக்கியது. வெளியிலிருந்து வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள். டெல்நெட்டின் போர்ட் எண்ணை 23-இலிருந்து 2323-க்கு மாற்றினால் யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு நம்பிக்கை. மிராய் 2323-ஐயும் தட்டிப் பார்த்தது.