அழுக்கென்று தேய்த்த கழுத்து

பீர்க்கங்காய் நாரில் சோப்பைக் குழைத்து, மகனின் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள் ஒரு தாய். தோல் சிவந்தது. தடித்து, தொட்டால் மெத்தென்றிருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. "வலிக்குதும்மா" என்றான் 15 வயதுப் பையன். "ஒழுங்காக் குளிச்சா ஏன்டா இப்படி இருக்கு?" என்று அதட்டினாள்.

அந்தத் தாய்தான் இதை எழுதுகிறாள். கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அன்று தேய்த்த கையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூசுகிறது.

அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, அதை ஈடுகட்ட இன்னும் அதிகமாகச் சுரக்கும். அப்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படிக் கறுத்துத் தடிக்கும். எடை கூடிய பிள்ளைகளிடம் இது தெரிந்தால் சோப்பை வைத்துவிட்டுச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகவேண்டும். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. பிள்ளைகள் கணக்கும் நல்லதாக இல்லை: 2022 கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரையானவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு எடை அதிகம், அல்லது உடல் பருமன்.

இவளுக்கு அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பள்ளியில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் செகாக் உடற்தகுதிச் சோதனையின் சீட்டு வீட்டுக்கு வந்தபோது எடை 88 கிலோ, உயரம் 162 சென்டிமீட்டர் என்றிருந்தது. அன்று மாலையே அவள் ஒரு முடிவெடுத்தாள். அவள் செய்த தவறுகளிலேயே பெரியது அதுதான்.

காலைப் பசியாறலை நிறுத்தினாள். இரவுச் சோற்றையும் நிறுத்தினாள். மதியம் மட்டும் ஒரு தட்டு. சனிக்கிழமைதோறும் எல்லோர் முன்னாலும் தராசில் ஏறச் சொன்னாள். முதல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஆறாவது வாரம் படுக்கையை உதறும்போது மெத்தைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து பிஸ்கட் உறைகளும், தண்ணீர் ஊற்றாமல் பச்சையாக நொறுக்கித் தின்ற மேகி பொட்டலங்களும் விழுந்தன. எண்ணினாள். பதினேழு. பள்ளிச் சாப்பாட்டுக் காசையெல்லாம் சேர்த்து வைத்து, எல்லோரும் தூங்கிய பிறகு இருட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறான். தராசு 90 காட்டியது.

அவனைத்தான் அடித்தாள். அதையும் மறைக்காமல் இங்கே எழுதவேண்டும்.

தடுத்தவர் மாமியார். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறிக் கொழுந்து பறித்தவர். "நாங்க மலை ஏறுனோம், தின்ன சோறு செரிச்சுது. இவன் எங்கம்மா ஏறுனான்? பட்டினி போட்டா பிள்ளை திருடித்தான் திம்பான்" என்றார். சோற்றைக் கண்டு இனி பயப்படக் கூடாது என்று அன்றுதான் இவளுக்கு உறைத்தது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் டையான் நியூமார்க்-ஸ்டெய்னர் என்ற ஆய்வாளரின் குழு 2,516 இளம்பருவத்தினரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. எடை குறைக்கவென்று உணவைக் கட்டுப்படுத்திய பிள்ளைகளுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிடப் பிற்பாடு எடை கூடியிருந்தது. அளவில்லாமல் அள்ளித் தின்னும் பழக்கமும் அவர்களிடம் அதிகம். அந்தப் பதினேழு உறைகளை அந்த ஆய்வாளர் பார்த்திருந்தால் வியந்திருக்கமாட்டார்.

பிறகு பையனை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அங்கே உணவு ஆலோசகர் அவனிடம்தான் பேசினார், அம்மாவிடம் இல்லை. அதிலேயே பாதி வேலை முடிந்தது. "வளர்ற பையன், எடை குறையலேன்னாலும் பரவாயில்லை, கூடாம இருந்தாப் போதும், உயரம் அதைச் சரிபண்ணும்" என்றார். 'சுகு-சுகு-செபாரோ' தட்டை வரைந்து காட்டினார்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். கம்போங் ராஜாவிலிருந்தும் திரிங்காப்பிலிருந்தும் முட்டைக்கோஸும் தக்காளியும் லாரி லாரியாகக் கீழே இறங்கிச் சிங்கப்பூர்வரை போகின்றன. அந்த மலையில் பிறந்த பிள்ளையின் தட்டில் ஒரு கீரை இல்லாமல் இருந்தது யாருடைய குற்றம்? சமைத்தவளுடையதுதான்.

தேநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். தோட்டத்தில் நாம் குடிப்பது தேயிலைத் தண்ணீர் இல்லை, டின் பால். ஒரு மேசைக்கரண்டி இனிப்புப் பாலில் 8 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை சேர்த்திருக்கும். தம்ளருக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு மூன்று தம்ளர் என்றால் ஏறக்குறைய 50 கிராம். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு அதற்குமேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லையே அதுதான். பையனுக்குச் சோறு மறுத்த அந்த ஆறு வாரமும், "பாவம், பசிக்கும்" என்று இவள் கையால் ஊற்றிக் கொடுத்தது இந்தத் தேநீரைத்தான். 2019 ஜூலையில் அரசாங்கம் டப்பா, போத்தல் பானங்களுக்குச் சர்க்கரை வரி போட்டது. லிட்டருக்கு 40 சென்னில் தொடங்கியது 2025இல் 90 சென் ஆகிவிட்டது. வீட்டில் கலக்கும் தம்ளருக்கு வரி போட யாரும் வரமாட்டார்கள்; அம்மாதான் போடவேண்டும்.

மற்றதெல்லாம் சுலபம். காலையில் முட்டையும் தோசையும் திரும்பி வந்தன. டின் பால் மாமியாரின் ஒரு தம்ளருக்கு மட்டும். தராசு அலமாரிக்கு மேலே போனது. வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு இருக்கிறதே, சாயங்காலம் ஒரு மணிநேரம் ஏறி இறங்கினால் போதும்; பிள்ளையைத் தனியே அனுப்பாமல் கூடவே நடக்கவேண்டும். இவள் நடந்தாள். மூட்டு வலித்தது, ஆனாலும் நடந்தாள்.

உறவுக்காரர்கள் பற்றி ஒன்று. கல்யாண வீட்டுப் பந்தியில் "குண்டா, இன்னொரு ஜாங்கிரி வேணுமா?" என்று கேட்டுச் சிரித்தவர்கள்தான், சோறு நிறுத்தியபோது "நல்லாப் பண்றே" என்று தட்டிக்கொடுத்தார்கள். இவள் அப்படிப்பட்ட பேச்சை இப்போது அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறாள். சிலர் பேசுவதில்லை, போகட்டும். பந்தியிலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பதில் குடிக்கும் மாவு டப்பாவை 200 வெள்ளிக்குத் தள்ளிவிட்ட ஆளும் அதில் சேர்த்தி. வளரும் பிள்ளைக்கு இப்படி எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அந்தக் காசில் ஒரு மாத மீன் வாங்கியிருக்கலாம்.

பதினான்கு மாதம் கழித்துப் பையன் 86 கிலோ, 170 சென்டிமீட்டர். தராசில் பார்த்தால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு 33.5லிருந்து 29.8க்கு இறங்கியிருக்கிறது. இன்னும் கூடுதல்தான், கிளினிக்குக்குத் தொடர்ந்து போகிறார்கள். நெத்திலி போட்டுச் சாயுர் மானிஸ் கீரையை அவனே வதக்குகிறான். உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுகிறான்.

கழுத்துக் கறுப்பு மங்கியிருக்கிறது, முழுக்கப் போகவில்லை. குளிக்கப் போகும்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான்.