தவளை ஆராய்ச்சி ஒரு பிழைப்பா?

அன்புள்ள கண்ணு,

உன் கடுதாசி வந்தது. மாட்டுத் தொட்டியின் உள்சுவரில் வெள்ளையாக நுரை ஒட்டியிருக்கிறது, பாம்பு கக்கியதா, கழுவிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, தவளை முட்டையிடுவதைப் பார்ப்பதற்கெல்லாம் டாக்டர் பட்டம் கொடுக்கிறார்களாமே, அது ஒரு பிழைப்பா என்று ஒரு குத்தல் வேறு. முதலில் சீமாற்றைக் கீழே வை.

பாம்புமில்லை, பல்லியுமில்லை. மழைநாளில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உன்னை அலற வைக்குமே மரத்தவளை, அது கட்டிய கூடு. பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் தயிர் கடைவது போல அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். ஆண் முதுகில் உட்கார்ந்திருக்கும். (உங்கள் ஊர் ஆண்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.) வெளிப்பக்கம் காய்ந்து பொருக்குத் தட்டினாலும் உள்ளே ஈரம் காயாது. சில நாளில் தலைப்பிரட்டைகள் நழுவித் தண்ணீரில் விழும்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். தவளை முட்டை தண்ணீரில்தானே இருக்கணும் என்று இரக்கப்பட்டு, நுரையைப் பிய்த்துத் தொட்டிக்குள் போடுவாய். வேண்டாம். தண்ணீருக்குள் முட்டையைத் தின்ன ஆள் உண்டு. உன்னைவிடத் தவளைக்கு விவரம் தெரியும்.

இனி அந்தப் பிழைப்புக்கு வருகிறேன். களக்காடு முண்டந்துறை மலைக்காட்டில் ஈத்தை மூங்கிலுக்குள் ஒரு தவளை வாழ்கிறது. உடம்பில் வெண்புள்ளிகள், நீளம் ஓர் அங்குலம். 1876இல் குந்தர் என்பவர் அதை விவரித்து எழுதினார். பிறகு நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், 2011இல் மீண்டும் கிடைத்ததாக அறிவித்தார்கள். அதன் பின்னால் போனவர் கே. எஸ். சேஷாத்ரி, அப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். குருராஜா, பிக்ஃபோர்டு என்ற சக ஆய்வாளர்களுடன் அவர் 2015இல் வெளியிட்ட செய்தி இது: மூங்கில் கணுவிடையில் பூச்சியோ எலியோ போட்ட சிறு பிளவு வழியாகத் தவளை உடம்பை நெருக்கிக்கொண்டு நுழைகிறது. உள்சுவரில் முட்டை. தலைப்பிரட்டை என்ற பேச்சே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளைதான் வரும். அதுவரை காவல் இருப்பது அப்பன். அம்மா போய்விடுவாள்.

காவல் இருந்து என்னத்தைக் கிழிக்கிறது என்று கேட்பாய். அதையேதான் சேஷாத்ரியும் கேட்டார். சில கணுவிடைகளிலிருந்து அப்பனை வெளியே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். முட்டைகள் பிழைப்பது வெகுவாகக் குறைந்தது. தின்ன வந்தவர்களில் அதே இனத்து ஆண்களும் உண்டு! 2018இல் இந்த முடிவு அச்சானது. பாவமில்லையா என்று கண்ணைக் கசக்காதே. இப்படிச் செய்து பார்க்காவிட்டால் அப்பனின் அருமை வெறும் ஊகமாகவே நின்றிருக்கும்.

"சரி மாமா, எங்கோ தெற்கே ஈத்தைக்குள் நடப்பதால் எங்கள் காளப்பநாயக்கன்பட்டிக்கு என்ன?" இதற்குத்தான் காத்திருந்தேன். காடு பச்சையாக இருந்தால் போதும் என்றுதான் நீயும் நானும் நினைப்போம். பிளவுள்ள ஈத்தையைக் கூடைக்கும் காகிதக் கூழுக்கும் முழுக்க வெட்டிவிட்டு வேறு ஆயிரம் மரம் நட்டாலும் அந்தத் தவளைக்கு முட்டையிட இடமில்லை. எது எங்கே முட்டையிடுகிறது என்று தெரிந்தால்தான் எதைக் காப்பது என்று தெரியும்.

உங்கள் வயல் பெருந்தவளைக்குக் கூடும் வேண்டாம், காவலும் வேண்டாம். முதல் பெருமழையில் தேங்கும் குட்டையே போதும். அன்றைக்கு ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பை உப்ப, விடிய விடியக் கத்தும். மஞ்சளைப் பார்த்து விஷத் தவளை என்று தெருவைக் கூட்டாதே, கல்லும் எறியாதே. அது மாப்பிள்ளைக் கோலம். அந்தக் குட்டையைக் கொசு வருமென்று மண் கொட்டி மூடுவதுதான் நம் ஊரில் நடக்கிற பெரிய தப்பு.

இன்னொன்று. மழை இரவில் காரவள்ளி தாண்டிக் கொல்லிமலை ஏறினால், அந்த எழுபது வளைவிலும் உன் அண்ணனை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். ரோட்டைக் கடக்கும் தவளைகளில் பல முட்டையிடக் கிளம்பியவை.

அன்புடன்,
மாமா