துயரும் தொழிலும்

சிறுதொழிலுக்கு முதலீடு, இயந்திரம், சந்தை மூன்றும் வேண்டும் என்று வணிகவியல் வகுப்பில் படிக்கிறோம். இவற்றுக்கும் முன்னே நிற்பது வீட்டில் எழும் ஒரு கேள்வி என்பேன். கோவை அருணாசலம் முருகானந்தம் அவர்களின் வாழ்வே இதற்குச் சான்று.

தந்தை சாலை விபத்தில் மறைய, வறுமையால் பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, வெல்டிங் பட்டறையில் உழைத்தவர் அவர். 1998இல் மணமானபின், மாதவிலக்கின்போது மனைவி கந்தைத் துணியைப் பயன்படுத்தக் கண்டு வருந்தினார். நாப்கின் வாங்கினால் பால் செலவுக்குப் பணம் போதாது என்றார் மனைவி.

அவர் வருந்தியதோடு நிற்கவில்லை. கடை நாப்கினை எடைபோட்டார். 10 காசு பெறும் 10 கிராம் பஞ்சு 4 ரூபாய்க்கு விற்கப்படுவதாகக் கணக்கிட்டார். ஆனால், பஞ்சில் அவர் செய்தவை பயன்படவில்லை. மூலப்பொருள் பஞ்சன்று, மரத்திலிருந்து பெறும் செல்லுலோஸ் என்றறியவே ஆண்டுகள் சென்றன. இதற்கிடையே ஊரார் ஏசினர். மனைவியும் தாயும் பிரிந்து சென்றனர். அவரோ தளராமல் எளிய, விலை குறைந்த இயந்திரத்தை உருவாக்கினார். பெருநிறுவனங்களோடு போட்டியிடாமல், அவ்வியந்திரத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு அளித்தார். மனைவி திரும்பி வந்தார்; 2016இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

இதில் நான் காணும் பாடம் இதுவே: துயரம் கேள்வியை மட்டுமே தரும். மூலப்பொருள் எது, அடக்கவிலை என்ன, வாங்குவோர் யார் என்று ஆராய்ந்தால்தான் விடை கிட்டும். 1964 முதல் தொழிற்பேட்டை இயங்கும் அம்பத்தூர்ப் பகுதியில் கடைசல் பட்டறைகளுக்கும் கைத்திறனுக்கும் குறைவில்லை. நண்பர்களே, நம் வீட்டுக் கேள்விகளையும் கணக்கேட்டில் எழுதத் தொடங்குவோம்!