வெங்காய மூட்டையும் வாக்கு நாணயமும்

 

சரக்கு எந்த ஊரில் விளைந்து, எந்தெந்தக் கை மாறி நம் தராசில் வந்து ஏறுகிறது என்பதை, அது வராமல் நின்றுபோன நாளில்தான் நாம் யோசிக்கிறோம். வந்துகொண்டிருக்கும்போதே யோசித்து வைத்தால் பாதித் தொல்லை குறையும். இதை இம்முறை வெங்காயத்தை வைத்து எழுதுகிறேன். அரிசி, பருப்பு, மிளகாய் எதை வைத்தும் எழுதலாம். ஆனால் உரிக்காமலேயே வியாபாரிகளை அழவைத்த சரக்கு வெங்காயம் ஒன்றுதான்.

ஐந்தாண்டுக்குள் இந்திய அரசாங்கம் மூன்று முறை வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. முதலாவது 2019 செப்டம்பர் 29. அது 2020 மார்ச் 15இல் நீங்கியது. இரண்டாவது 2020 செப்டம்பர் 14. 2021 ஜனவரி முதல் தேதி திறந்தார்கள். மூன்றாவது 2023 டிசம்பர் 8. அது 2024 மே 4 வரை நீடித்தது. இம்மூன்று தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாம் செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையிலேயே விழுந்திருக்கின்றன. இது தற்செயல் அன்று. மகாராஷ்டிரத்தில் நாசிக் சீமையிலும் அதைச் சுற்றியும் குளிர்காலத்தில் நட்டு, மார்ச்சிலிருந்து மே வரை எடுக்கும் வெங்காயம்தான் பல மாதம் பட்டறையில் தாங்கும். செப்டம்பர் நெருங்கும்போது அந்த இருப்பு கரைந்துவிடும். மழைக்காலத்து வெங்காயம் நீர் மிகுந்தது, நெடுநாள் நிற்காது. அதுவும் மழை மிஞ்சினாலோ பொய்த்தாலோ கெட்டுவிடும். அப்போது லாசல்காவ் சந்தையில் விலை ஏறும். டில்லியில் ஜனங்கள் முணுமுணுப்பார்கள். அரசாங்கம் கதவைச் சாத்தும்.

மூன்றாவது தடை திடீரென்று வந்ததாகப் பலர் சொன்னார்கள். அப்படியில்லை. 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டார்கள். அக்டோபர் இறுதியில் டன் ஒன்றுக்கு 800 டாலருக்குக் குறைத்து ஏற்றக் கூடாது என்றார்கள். அதன் பிறகுதான் முழுத் தடை. இரண்டு தடவை மணி அடித்துவிட்டே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நாம்தான் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அவ்வருடம் நமக்கு இன்னொரு சோதனையும் சேர்ந்தது. மார்ச் 31 வரைதான் தடை என்று முதலில் அறிவித்திருந்தார்கள். ஹிஜ்ரி 1445 ரமலான் இந்நாட்டில் மார்ச் 12 அன்று பிறந்தது. முதல் இருபது நோன்பைச் சமாளித்துவிட்டால் பெருநாளைக்குள் இந்தியச் சரக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. மார்ச் முடிவதற்கு முன்னரே தடையை நீட்டிவிட்டார்கள். நோன்புக் கஞ்சிக்கும் சமோசாவுக்கும் பெருநாள் பிரியாணிக்கும் பாகிஸ்தான், சீனா, ஹாலந்து வெங்காயத்தைக் கொண்டே ஒப்பேற்றும்படி ஆயிற்று. ஹாலந்து வெங்காயம் அரைத்தால் நீர்த்துக் கிடக்கிறது, குழம்பு கூடிவரவில்லை என்று சமையல்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டது நியாயமே.

நிற்க. தடை டில்லியில் பிறக்கிறது; அதை நாம் தடுக்க முடியாது. ஆனால் தட்டுப்பாட்டில் ஒரு பங்கு நாமே உண்டாக்குவது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு கணக்குப் போடுவோம். கிள்ளானில் ஒரு மொத்த வியாபாரி. அவரிடம் ஜெஞ்சாரோம், பந்திங், தெலுக் பங்ளிமா காராங் பக்கத்துக் கடைகள் பத்து சரக்கு எடுக்கின்றன. ஒரு கடைக்கு வாரம் பத்து மூட்டை. ஆக நூறு மூட்டை. தடை வரும் என்று ஒரு பேச்சுக் கிளம்புகிறது. கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று நினைத்து ஒவ்வொருவரும் இருபது மூட்டை என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவருக்கு இருநூறு என்று காட்டுகிறது. அவர் தம் பங்குக்கு ஓர் ஐம்பதைச் சேர்த்து இறக்குமதிக்காரரிடம் இருநூற்றைம்பது கேட்கிறார். ஆனால் நம்மிடம் வாங்கும் ஒரு வீட்டிலாவது கூடுதலாக ஒரு வெங்காயம் வெட்டினார்களா? இல்லை. சில வாரங்களில் சரக்கு துறைமுகத்தில் வந்து இறங்கும்போது பத்துக் கடையின் பின்கட்டும் நிறைந்திருக்கும். இந்த வாரம் மூன்று மூட்டை போதும் என்போம். மொத்த வியாபாரியின் கிடங்கில் வெங்காயம் முளை விடும். அந்த நஷ்டத்தை அவர் அடுத்த சரக்கில் நம் தலையில்தான் வைப்பார். வேறு எங்கே வைப்பார்?

இதைப் படித்தவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜே பாரஸ்டர் என்ற பேராசிரியர் 1961இல் இப்படி அலை பெருகுவதைக் கணக்கிட்டு நூல் எழுதினார். பிற்பாடு ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியார் கைக்குழந்தைகளின் அணையாடை விற்பனையைச் சோதித்தபோது அதிசயப்பட்டார்கள். குழந்தைகள் நனைப்பது வாரத்துக்கு வாரம் ஒரே அளவுதான். கடைகளின் கொள்முதலோ ஏறி இறங்கியது. கம்பெனி தன் மூலப்பொருளுக்குக் கேட்டது அதைவிட ஏறி இறங்கியது. சாட்டையின் பிடி ஒரு சாண் அசைந்தால் நுனி நாலு முழம் வீசுகிறதல்லவா, அதைக்கொண்டே இதற்குப் பெயரும் வைத்தார்கள்.

அதே 2023இல் அரிசியிலும் இதைக் கண்டோம். ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் இறக்குமதி அரிசியை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. உள்நாட்டு வெள்ளையரிசியோ பத்துக் கிலோ 26 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலை. எல்லாரும் அதன் பக்கம் திரும்பவே கடைகளில் பலகைகள் காலியாயின. வயிறு அதே வயிறுதான். கை நீண்ட பலகைதான் வேறு.

இப்போது மார்க்கம் சொல்வதைப் பார்ப்போம். ஊருக்கு வரும் வியாபாரக் கூட்டத்தைச் சந்தைக்கு வெளியிலேயே மறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவருக்குச் சந்தைக்கு வந்து விலை தெரிந்தபின் அந்த விற்பனையை ரத்துச் செய்யும் உரிமை உண்டென்றும் அறிவித்தார்கள். சந்தை நிலவரம் தெரியாதவனின் அறியாமையை லாபமாக்கிக் கொள்ளலாகாது என்பதே இதன் கருத்து. விற்பவனிடம் மறைப்பது எப்படியோ, நமக்குச் சரக்கு அனுப்புகிறவரிடம் பொய்க் கணக்குச் சொல்வதும் அதற்குப் பக்கத்து வீடுதான் என்பது என் எண்ணம். ஆலிம்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

பதுக்கலைப் பற்றிப் பலருக்கு மயக்கம் இருக்கிறது. இருப்பு வைப்பதெல்லாம் பதுக்கல் ஆகாது. நாயகம் (ஸல்) அவர்களே தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை ஒதுக்கியதாக ஹதீஸ் உண்டு. ஜனங்கள் தட்டுப்பாட்டில் தவிக்கும்போது உணவுப் பொருளை வாங்கி அடைத்து, இன்னும் விலை ஏறட்டும் என்று காத்திருப்பதையே ஷாபிஈ மத்ஹபு இமாம்கள் ஹராமான பதுக்கல் என்கிறார்கள். இந்நாட்டில் 1961ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. அதிகாரிகள் வந்து கதவைத் தட்டும்போது மத்ஹபு பேசிப் பயனில்லை.

முன்பணம் கொடுத்துச் சரக்குப் பேசுவதற்கும் வழி இருக்கிறது. மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு நாயகம் (ஸல்) அவர்கள் அதை அனுமதித்தார்கள். இதுவே ஸலம். பணம் முழுவதும் பேசிய இடத்திலேயே கொடுபட வேண்டும். ரகமும் குறிக்கப்பட வேண்டும். மூன்று நான்கு கடைகள் சேர்ந்து நோன்புக்கு முன் இப்படிப் பேசிக்கொண்டால், தனித்தனியே கெஞ்சுவதைக் காட்டிலும் மதிப்பு இருக்கும். ஆனால், கப்பலில் இருக்கும் மூட்டையைக் கைக்கு வருமுன்னரே ஒருவர் மாற்றி ஒருவர் விற்று விலை ஏற்றுகிறார்களே, அதில் அகப்பட்டுக் கொள்ளாதீர்கள். உணவுப் பொருளைக் கைப்பற்றுமுன் விற்பது தடுக்கப்பட்டது.

கடையில் செய்ய வேண்டியதோ சிறு வேலை. அன்றன்று எத்தனை கிலோ விற்றது என்று எழுதுங்கள். எத்தனை வாங்கினோம் என்பதை மட்டும் எழுதினால் நம் பயம்தான் ஏட்டில் இருக்கும். வாடிக்கைக்காரரின் தேவை இராது. இல்லையென்று திருப்பி அனுப்பிய ஆளையும் குறித்துக் கொள்ளுங்கள், அதுவும் தேவைதான். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தோட்டத்துச் சம்பளத் தேதிக்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள். நோன்புக் கணக்கை மாத்திரம் ஆங்கிலத் தேதியில் எழுதாமல் ஹிஜ்ரித் தேதியில் எழுதுங்கள். ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருவதால், போன வருடத்து மார்ச் ஏட்டைப் பார்த்து இவ்வருடக் கொள்முதல் செய்கிறவர் ஏமாறுவார். 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பரில் இன்னொரு ரமலானும் வரவிருக்கின்றன. ஆங்கிலத் தேதி ஏடு அப்போது என்ன சொல்லும்?

அந்தக் கணக்கை மொத்த வியாபாரியிடம் உள்ளபடி சொல்லுங்கள். “பாய், உமக்கு உண்மையில் எத்தனை மூட்டை வேண்டும்?” என்று அவர் கேட்கிற நாளில், நீங்கள் சொல்லும் எண்ணை அவர் நம்புகிறாரா, பாதியாக வகுக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தவணை தவறாமல் பணம் கட்டியவரின் எண்ணை அவர் வகுப்பதில்லை. சரக்கு மலிந்த காலத்தில் ஒரு காசு குறைகிறதென்று வேறு கடைக்கு ஓடி, தட்டுப்பாட்டில் திரும்பி வந்து உறவு கொண்டாடுகிறவரை எந்தத் தவுக்கேயும் முதலில் கவனிக்க மாட்டார். நாமும்தான் அப்படிப்பட்டவரைக் கவனிப்பதில்லை.

இனி, வந்த சரக்கு குறைவானால் பங்கிடும் முறை. நம் 555 நோட்டில் பற்று வைத்திருக்கும் தோட்டத்துக் குடும்பத்தாரை ஒதுக்கிவிட்டு, ரொக்கத்தோடு வந்து பத்து மூட்டையை ஒன்றாகத் தூக்கும் வெளியூராருக்குக் கொடுத்துவிடத் தோன்றும். அவர் அடுத்த மாதம் வரமாட்டார். வீட்டுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக் கடைக்கு இவ்வளவு என்று ஓர் அளவை எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட்டால், மலாய்க்காரரோ சீனரோ நம்மவரோ யாரும் முகம் சுளிப்பதில்லை. அடுத்த சரக்கு எப்போது என்று கேட்டால் தெரிந்த தேதியைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நாலு நாள் அலைய விட்டால் ஐந்தாம் நாள் அவர் பந்திங்கிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்.