ஒரே மாதிரி மடக்குக் கத்தி, வேற வேற பூட்டு

ஆன்லைன் கடையில் மடக்குக் கத்தி என்று ஒருமுறை தேடிப் பாருங்க. ஒரே நீளம், ஒரே வளைவு, ஒரே கறுப்புக் கைப்பிடியோட வரிசையா வந்து நிற்கும். விலை மட்டும் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை போகும். ரெவ்யூ போடுறவங்க பேப்பரை வெட்டிக் காட்டுவாங்க. புதுக் கத்தி எல்லாமே பேப்பரை வெட்டும், அதில் தெரிஞ்சுக்க ஒண்ணுமில்லை. மெக்கானிக்கல் படிக்கிற நாம கேட்க வேண்டிய கேள்வி வேற: திறந்த கத்தி விரல் மேல மடங்காம தடுக்கிறது எது?

எங்க ஊர் கண்ணமங்கலம். ஆரணிப் பட்டு நெய்யுற பக்கம். தறியில் நூல் வெட்டக் கத்தரி இருக்கு. மடக்குக் கத்திக்கு வேலை கயிறு, அட்டைப்பெட்டி, மூட்டைக் கட்டு. என் சித்தப்பா நெசவாளர். "எந்தக் கத்தி வாங்கலாம்பா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஆனால் அறுந்த பாவு இழையைப் பிணைக்கிற விரலில் ஆழமா வெட்டுப்பட்டால் தறி நிற்கும், கூலி நிற்கும். முடியப்போற சேலையில் ரத்தக்கறை பட்டால் அது இன்னொரு நஷ்டம். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்தேன்.

கத்தியின் முதுகுப் பக்கம், பிவட்டிலிருந்து 70 மி.மீ தூரத்தில், 30 நியூட்டன் விசை விழுதுன்னு வையுங்க. கிட்டத்தட்ட மூணு கிலோ எடை. தடித்த அட்டையில் கத்தி மாட்டிக்கிட்டு, நாம இழுத்து எடுக்கும்போது இது சாதாரணமா வரும். திருப்புவிசை 2100 நியூட்டன் மி.மீ. பூட்டு பிவட்டிலிருந்து 6 மி.மீ தூரத்தில் தாங்குதுன்னா, அந்தச் சின்ன முகத்தில் விழுறது 350 நியூட்டன். முப்பத்தஞ்சு கிலோ! முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸ்தான், ஆனா விரல் அங்க இருக்கும்போது கணக்கு வேற மாதிரி தெரியுது.

இந்த 350 நியூட்டனை யார் தாங்குறது என்பதில்தான் கத்திக்குக் கத்தி மாறுது.

ரொம்ப எளிமையானது ஜப்பானின் ஹிகோனோகாமி. 1890களில் மிகி என்ற ஊரில் உருவானது. மடித்த தகடுதான் கைப்பிடி. பூட்டும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. கத்தியின் வாலில் ஒரு சின்ன நெம்பு நீட்டிக்கிட்டு இருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிச்சிருக்கணும். அதாவது பூட்டு நம்ம கைதான். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வச்சிருந்த கத்தி இது. பென்சிலுக்குச் சரி, மூட்டைக்கு வேண்டாம்.

அடுத்தது ஸ்லிப்ஜாயின்ட். நாம பேனாக்கத்தி என்கிறோமே, பெரும்பாலும் அதுதான். (இறகுப் பேனா சீவின காலத்துப் பெயர். நம்ம ஓலைச்சுவடிக் காலத்திலும் மடக்கெழுத்தாணி இருந்தது, ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாருகிற கத்தி. மல்ட்டி டூல் ஒன்றும் நமக்குப் புதுசில்லை.) முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை, கத்தி வாலின் தட்டையான முகத்தை அழுத்திக்கிட்டே இருக்கும். இது தடை, பூட்டு இல்லை. விசை கூடினால் ஸ்பிரிங் தூக்கிக்கும், கத்தி மடங்கிடும்.

ஒரே டிசைனை இரண்டு பேர் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வகையில் அருமையான ஒரு வழக்கு இருக்கு. ஸ்விஸ் ராணுவக் கத்தியை 1891 முதல் கார்ல் எல்செனரின் பட்டறை கொடுத்தது. பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது அதுதான். 1897-ல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில், ஒரே ஸ்பிரிங் கைப்பிடியின் இரண்டு பக்கத்துக் கருவிகளையும் பிடிச்சிருக்கும். ரொம்ப அழகான சிக்கனம். ஜெர்மன் பேசும் பகுதியில் விக்டோரினாக்ஸ், பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதியில் வெங்கர். 1908-ல் அரசு ஆர்டரை ஆளுக்குப் பாதியா பிரிச்சுக் கொடுத்தது. ஒருத்தர் 'ஒரிஜினல்' என்றும், இன்னொருத்தர் 'ஜெனியூன்' என்றும் போட்டுக்கிட்டாங்க.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்புக் கத்தி. கையில் எடுத்தால்தான் தெரியும். விக்டோரினாக்ஸின் வழக்கமான அளவு 91 அல்லது 84 மி.மீ, வெங்கர் 85. விக்டோரினாக்ஸ் டின் ஓப்பனர் முன்னோக்கித் தள்ளி வெட்டும், வெங்கருடையது நம்ம பக்கம் இழுத்து வெட்டும். விக்டோரினாக்ஸ் கத்தரியில் ஒரு சின்ன இலை ஸ்பிரிங், வெங்கரில் அதுக்குப் பதில் நெம்பு ஏற்பாடு. என் ஓட்டு வெங்கர் கத்தரிக்கு, ஏன்னா முதலில் உடையுறது அந்தச் சின்ன ஸ்பிரிங்தான். எங்க ஊரில் இதைப் புரியவைக்கிறது சுலபம். ஒரே ஜக்கார்டு அட்டையை இரண்டு தறியில் போடுங்க, டிசைன் ஒண்ணு, சேலை இரண்டு. 2005-ல் வெங்கரை விக்டோரினாக்ஸே வாங்கிடுச்சு, 2013-ல் வெங்கர் கத்திகளையும் தன் பெயருக்குக் கீழ் கொண்டுவந்தது.

2008-ல் ஸ்விஸ் ராணுவமே புது மாடலுக்கு மாறினது: 111 மி.மீ, ஒரு கையால் திறக்கலாம், பூட்டும் உண்டு.

பூட்டு என்றால் எனக்குப் பிடிச்சது பிரான்சின் ஓபினல். 1890-ல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினல் செய்தபோது அது வெறும் உராய்வுக் கத்தி. 1955-ல் பிவட்டைச் சுற்றி ஒரு உலோக வளையம் சேர்த்தாங்க. கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பினா, கத்தி மடங்குற வழியில் வளையம் குறுக்கே நிற்கும். விரல் கத்தியின் பாதையில் போகவே வேண்டாம். குறை என்னன்னா, கைப்பிடி பீச் மரம். மழைக்காலத்தில் ஈரம் குடிச்சு உப்பி, கத்தியைக் கவ்விக்கும். சவோய்காரங்க கைப்பிடியின் பின்முனையைக் கட்டையில் ஒரு தட்டு தட்டி வெளியே எடுப்பாங்க. கார்பன் ஸ்டீல் வகை எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுத்துப் போகும். ஸ்டெயின்லெஸ் வகையும் கிடைக்குது, நம்ம சமையலுக்கு அதான் சரி.

இப்போ கடைகளில் நிறைஞ்சு கிடக்கிறது லைனர் லாக். 1980களில் அமெரிக்கரான மைக்கேல் வாக்கர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கைப்பிடிக்குள் இருக்கிற தகடு உள்பக்கமா வளைஞ்சு, திறந்த கத்தியின் வாலுக்குப் பின்னால் ஆப்பு மாதிரி போய் உட்காரும். ஆப்பு என்றதும் உராய்வுக் கோணம் ஞாபகம் வரணும். ஸ்டீலுக்கு ஸ்டீல் உராய்வுக் கெழு 0.15 என்றால், முகத்தின் சாய்வு சுமார் 8.5 டிகிரிக்குள் இருக்கும்வரை ஆப்பு நழுவாது. அதே இடத்தில் எண்ணெய் பட்டு கெழு 0.1-க்கு இறங்கினால் எல்லை 5.7 டிகிரி. தோராயக் கணக்குதான், ஆனா இரண்டு விஷயம் புரியுது. பிவட்டுக்கு எண்ணெய் விடுங்க, பூட்டு முகத்துக்கு விடாதீங்க. இன்னொன்று, மலிவான நகலில் சாய்வு மூணு டிகிரி தப்பினாலும் போட்டோவில் தெரியாது. கத்தியின் வெளிக்கோட்டை யார் வேணும்னாலும் காப்பி அடிக்கலாம். டாலரன்ஸையும் ஹீட் ட்ரீட்மென்ட்டையும் போட்டோ பார்த்து அடிக்க முடியாது.

காப்பி எல்லாமே திருட்டு என்றும் சொல்லமாட்டேன். 1990களின் கடைசியில் பெஞ்ச்மேட் கொண்டுவந்த ஆக்ஸிஸ் லாக், பேடன்ட் காலம் முடிஞ்சதும் கிராஸ்பார் லாக் என்ற பொதுப்பெயரில் பல கம்பெனி கத்திகளில் வந்துடுச்சு. அது முறையான வழிதான். ஸ்பைடர்கோ கத்தியில் இருக்கிற வட்ட ஓட்டை மட்டும் வேற கதை, அது டிரேட்மார்க். டிரேட்மார்க்கைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கலாம்.

கடினத்தன்மை பற்றி ஒரு வரி. விக்டோரினாக்ஸ் கத்தி அலகு ராக்வெல் சி அளவில் 56, அதே கத்தியின் ஸ்பிரிங் 49. எல்லாம் 56 ஆக இருந்தால் ஸ்பிரிங் படக்குன்னு உடையும். "60-க்கு மேல" என்று விளம்பரம் பார்த்து மயங்காதீங்க, கூர் நிற்கும், ஆனா வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டக் கை வலிக்கும்.

வாங்கின உடனே இதைச் செய்யுங்க. கத்தியை முழுசாத் திறந்து பூட்டுங்க. விரல்கள் எதுவும் கத்தி மடங்குற பாதையில் இல்லாதபடி கைப்பிடியின் பக்கவாட்டைப் பிடிச்சு, கத்தியின் முதுகை மரக்கட்டையில் மெதுவா அழுத்துங்க. பூட்டு நகர்ந்தால் திருப்பி அனுப்பிடுங்க. அப்புறம் நுனியைப் பிடிச்சு இடவலமா ஆட்டிப் பாருங்க. புதுசிலேயே லொடலொடன்னு ஆடினால் பிவட் ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்க, அப்படியும் ஆடினால் திருப்பி அனுப்பிடுங்க.

சட்டம்: 2016 ஆயுத விதிகளின் பட்டியலில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத வகையில் வரும், வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்காகச் செய்தவைக்கு விலக்கு உண்டு. நாம பேசின கத்திகள் எல்லாம் அதைவிட ரொம்பச் சின்னது. இருந்தாலும் ஹாஸ்டல் விதி தனி, விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது.

சித்தப்பாவுக்கு ஓபினல் 8-ம் நம்பர், ஸ்டெயின்லெஸ் சொல்லியிருக்கேன். அலகு எட்டரை செ.மீ. வளையத்தைத் திருப்ப மறந்தால் அதுவும் ஹிகோனோகாமி மாதிரிதான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.